பழைய லாரிகளும் புதுக்கு மரபும்: சேலம் நாமக்கல் சமவெளி பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றுக்குக் கல்லெழுத்தும் செப்பேடும் போலவே தொழிற்கருவிகளும் சான்றாகும். ஏரும் தறியும் செக்கும் ஏற்றமும் வண்டியும் மக்கள் வாழ்ந்த முறையைக் காட்டுவன. பேரரசுகளின் எல்லையைக் கல்வெட்டால் அறிகின்றோம். அவ்வெல்லைக்குள் நெல்லும் உப்பும் எவ்வாறு இடம் பெயர்ந்தன என்பதை வண்டியால் அறிகின்றோம். இக்கருத்தை உடன்படுவோர், சென்ற நூற்றாண்டில் கட்டைவண்டியின் இடத்தைப் பற்றிய மோட்டார் லாரியையும் வரலாற்றுச் சான்றாக ஏற்றல் வேண்டும்.

பழைய லாரிகளைத் தேடி எடுத்துப் பழுது நீக்கிப் பேணுதல் மேனாடுகளில் பலர்க்கு விருப்பத் தொழிலாக உள்ளது. நம் நாட்டில் சேலம் நாமக்கல் சமவெளியிலோ அது நெடுங்காலம் பிழைப்புத் தொழிலாக நடந்து, அண்மைக் காலத்திலேயே சிலர்க்கு விருப்பமாக மாறி வருகின்றது. இம்மாற்றம் நிகழும் வேளையில் பழைய லாரிகள் விரைந்து அழிந்து வருகின்றன. அவற்றுள் எதனைக் காத்தல் வேண்டும், எவ்வாறு காத்தல் வேண்டும் என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொறியியலார்க்கு உரிய பொருளில் தமிழ்த்துறையினர்க்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். பழையதொன்றன் மூலவடிவம் யாது என்பது பொறியியலார் வினவுவதற்கு முன்னரே பதிப்பாசிரியர் வினவிய வினா என்பதே அதற்கு யாம் கூறும் விடை.

உமணர் வண்டி

இச்சமவெளிக்கு வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கொல்லிமலையும், மேற்கிலும் தெற்கிலும் காவிரியாறும் எல்லைகளாக அமைந்துள்ளன. பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர் வழியாகத் தென்கோடி செல்லும் பெருவழியும், சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் கோவைக்கும் சேர நாட்டுக்கும் செல்லும் பெருவழியும் இதனை ஊடறுத்துச் செல்கின்றன. ஆற்றுப்பாய்ச்சல் எட்டாத மேட்டு நிலம் மிகுதியாதலின், வானம் பொய்த்த ஆண்டுகளில் உழவரும் வண்டி கட்டிப் பிழைப்பது இயல்பே.

வண்டித்தொழிலைப் பற்றிய பழஞ்சான்று ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகின்றார். தகடூர் என வழங்கிய தருமபுரி இச்சமவெளிக்கு அணித்தே உள்ளது. உப்பு ஏற்றிச் செல்லும் உமணர், பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும்போது அச்சு முறியலாம் என முன்னரே எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பது அப்பாடலால் அறியப்படும் செய்தி. ‘சேமம்’ என்பது ஈண்டுக் காவலாக வைத்த மாற்றுறுப்பைக் குறிக்கும். வண்டி பழுதுறும், பழுதுற்ற உறுப்பை வழியிலேயே மாற்றிப் பயணத்தைத் தொடர்தல் வேண்டும் என்னும் எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. இன்று லாரியின் அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தைக் காணும்போது உமணர் நினைவுக்கு வருதல் இயல்பு.

சொற்களும் இத்தொடர்ச்சியைக் காட்டும். லாரியின் இரும்பு அச்சினை இவ்வட்டாரத்துப் பட்டறையினர் ‘அச்சு’ என்றே வழங்குகின்றனர். சுமையைத் தாங்கும் எஃகு வில்லடுக்கு அவர்தம் வாயில் ‘கமான் பட்டை’. வில் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இணைந்த தொடர் இது. ‘சேசிஸ்’, ‘பம்பு’, ‘நாசில்’ என்பன ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஒரு பட்டறையின் பேச்சில் உமணர் காலத்துச் சொல்லும், முகலாயர் காலத்துச் சொல்லும், ஆங்கிலேயர் காலத்துச் சொல்லும் ஒருங்கே வாழ்தல் காணலாம்.

லாரி வந்த வரலாறு

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்த பின்னர், படைக்கெனக் கொணரப்பட்ட அமெரிக்க, கனடிய லாரிகள் பல மிச்சப்பொருளாக விற்கப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வந்தன. அதன்பின் உள்நாட்டுத் தொழிற்சாலைகள் தோன்றின. 1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பெற்றது. முதலில் ஆஸ்டின் கார்களை இணைத்து வெளியிட்ட அந்நிறுவனம், இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, எண்ணூரில் ‘காமெட்’ லாரிகளை இணைக்கலாயிற்று. 1955-இல் அதன் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. சம்செத்பூரில் 1945-இல் இரயில் எஞ்சின் செய்யத் தொடங்கப்பெற்ற டாட்டா நிறுவனம், 1954-இல் செருமானிய டெய்ம்லர் பென்சு நிறுவனத்தோடு கூடி லாரி செய்யத் தலைப்பட்டது. பதினைந்து ஆண்டு உடன்படிக்கை 1969-இல் முடியும்வரை அவை பென்சின் மூவிதழ் விண்மீன் முத்திரையோடு ஓடின. பம்பாய்ப் பிரீமியர் நிறுவனத்தின் டாட்சு, ஃபார்கோ லாரிகளும், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெட்ஃபோர்டு லாரிகளும் அக்காலத்தில் சாலைகளில் ஓடியவையே.

இவை இங்கு நீடித்து வாழ்ந்தமைக்கு ஒரு காரணம் உறுப்புகள் அண்மையில் கிடைத்தமையாகும். டீசல் எஞ்சினுக்கு உயிர்நிலையான எரிபொருள் பம்பு செய்யும் மைக்கோ தொழிற்சாலை 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்றது. சென்னையில் 1960-இல் வீல்ஸ் இந்தியாவும், 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் தோன்றின. சேலத்து வணிகர் கடைகளில் இவ்வுறுப்புகள் எளிதில் கிடைத்தன. உறுப்பு கிடைக்கும் இடத்தில் வண்டி சாவதில்லை என்பது பட்டறை வழக்கு.

கூடு கட்டும் தொழில்

இச்சமவெளிக்குத் தனிப்புகழ் தந்தது லாரிக்குக் கூடு கட்டும் தொழில். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பழைய லாரி முழு வண்டி அன்று. இருபுறமும் ஓடும் நெடுஞ்சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், எஞ்சின், அச்சு, சக்கரம், முகப்பு என்பனவே அங்கிருந்து வந்தன. ஓட்டுநர் மழையிலும் வெயிலிலும் திறந்த சட்டத்தின்மேல் தற்காலிக இருக்கையில் அமர்ந்து அதனை நாமக்கல்லுக்கு ஓட்டி வருவார். அங்குத் தச்சரும் கொல்லரும் தகரவேலை செய்வோரும் வண்ணம் தீட்டுவோரும் கூடி அதனை லாரியாக்கினர். மரச்சட்டம் இணைத்துத் தகடு போர்த்தி ஓட்டுநர் அறை எழுப்புதலும், குறுக்குக் கட்டைமேல் பலகை பரப்பிச் சுமைத்தட்டு அமைத்தலும், பக்கச் சுவர் நிறுத்தி இரும்புப் பட்டையால் இறுக்குதலும் வரைபடமின்றி அளவுகோலாலும் கைப்பழக்கத்தாலும் நடைபெற்றன.

ஓடும் வழிக்கும் ஏற்றும் சரக்குக்கும் ஏற்பக் கூடு வேறுபட்டது. நெல் மூட்டைக்கு ஒரு கூடு, முட்டைக்கு ஒரு கூடு, கல்லுக்கும் மணலுக்கும் வேறொரு கூடு. நாமக்கல் சமையல் எரிவாயுத் தொட்டி லாரிகளுக்கும், சங்ககிரி சரக்கு லாரிகளுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திர லாரிகளுக்கும் பெயர்பெற்றன. திருச்செங்கோட்டு எந்திரங்கள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் நீர் தேடிச் செல்கின்றன. நீரற்ற நிலத்தில் பிறந்தோர் பிறர்க்கு நீர் காட்டும் தொழிலைக் கைக்கொண்டமை கருதத்தக்கது. 1997 சனவரி 1-இல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அதன் பெயர் லாரியோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்திருந்தது.

புதுக்கும் முறை

பழைய லாரியைப் புதுக்குவோர் மேற்கொள்ளும் முறையை யாம் பட்டறைகளில் கண்டவாறு சுருங்கக் கூறுவோம். முதற்கண் கூட்டைக் கழற்றி நெடுஞ்சட்டத்தை வெறுமையாக்குவர். சட்டத்தில் வெடிப்பு உண்டா, தறையாணிகள் தளர்ந்தனவா என்று சுத்தியலால் தட்டி ஒலியால் அறிவர். தளர்ந்த தறையாணி உள்ள இடத்தில் கலகலத்த ஒலியும், உறுதியான இடத்தில் கணீரென்ற ஒலியும் எழும். அடுத்துக் கமான் பட்டைகளை அவிழ்த்து, வளைவு தளர்ந்தவற்றை உலையிலிட்டுக் காய்ச்சி மீண்டும் வளைத்து அடுக்குவர்.

எஞ்சினை இறக்கி, உருளைத் துளையின் தேய்மானத்தை அளந்து, உள்ளுறையை மாற்றுவர். கிராங்குத் தண்டைச் சாணையிட்டால் அதன் விட்டம் குறையும். குறைந்த விட்டத்துக்கு ஏற்பத் தடித்த தாங்கிகளை இடுதல் வேண்டும். இவ்வாறு சாணையிடத் தக்க முறைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவ்வெல்லை கடந்தபின் தண்டையே மாற்றுதல் வேண்டும். நெடுநாள் ஓடாத வண்டியில் டீசல் தொட்டி உள்ளே துருவேறியிருக்கும். அத்துரு ஒரு துகளாயினும் நாசிலின் நுண்துளையை அடைத்துவிடும். ஆதலின், தொட்டியைத் தூய்மை செய்து, குழாய்களிலுள்ள காற்றை முற்றும் வெளியேற்றிய பின்னரே எஞ்சினை முடுக்குவர். தடை உருளையைக் கடைசலிட்டுச் சமனாக்கிப் புதிய உள்ளுறை தறைவர். காய்ந்து வெடித்த இரப்பர் உறைகள் அனைத்தையும் மாற்றுவர். இவ்வளவும் முடிந்த பின்னரே கூடு மீண்டும் ஏறும்.

இம்முறையில் ஓர் உண்மை புலனாகின்றது. இருபது முப்பது ஆண்டு ஓடிய லாரியில் முதலில் இருந்த உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சும். பலகை அழுகும், தகடு துருவேறும், எஞ்சின் மாறும். திருச்செங்கோட்டுக்கு அணித்தே ஒரு சிற்றூரில், விண்மீன் முத்திரை தாங்கிய மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றைக் கண்டோம். அதனை உடையவர் வாடகைக்கு ஓட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. தென்னந்தோப்பில் கூரை வேய்ந்து நிறுத்தி, திங்கள்தோறும் எஞ்சினை ஓட்டி, ஆயுத பூசையன்று கழுவி மாலையிட்டுத் தோப்பைச் சுற்றி வருகின்றார். இதில் பழையவை எவை என வினவினோம். “கூடு ரெண்டு தடவ கட்டுனதுங்க, எஞ்சின் ஒரு தடவ மாத்துனதுங்க, சேசிஸ் மட்டும் எங்கப்பா எடுத்ததுங்க” என்றார். பின்னர் முதற்கூடு கட்டிய தச்சரின் மகனே இரண்டாம் கூட்டைக் கட்டினார் என்பதையும், முதற்கூட்டின் கதவுப்பிடி இரண்டையும் எடுத்துப் புதுக்கூட்டில் பொருத்தினார் என்பதையும் காட்டினார். அவர்க்கு அது தந்தையின் லாரியே. அதில் ஐயம் இல்லை.

மேனாட்டார் முறை

இங்கிலாந்தில் பழைய வணிக வண்டிகளைக் காப்பதற்கென 1958-இல் ஒரு கழகம் தோன்றியது. 1962 முதல் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டிச் செல்லும் விழாவை அது நடத்தலாயிற்று. நம் காமெட் லாரிகளின் தாயகமாகிய லங்காசயர் மாநிலத்து லேலண்ட் நகரில் 1983-இல் வணிக வண்டிகளுக்கெனக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பெற்றது. அமெரிக்காவில் லாரி வரலாற்றுக் கழகம் 1971-இல் நிறுவப்பெற்றது. லாரியும் காக்கத்தக்க பொருளே என்னும் கொள்கை அந்நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே நிலைபெற்றுவிட்டது. அங்குள்ள ஆர்வலர் பலரும், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த வண்ணமே வண்டியை மீட்டலைப் பெரிதும் விரும்புவர். அதற்குத் துணையாகத் தொழிற்சாலை வரைபடங்களும் ஏடுகளும் அவர்கட்குக் கிடைக்கின்றன.

அவ்வளவுகோலை அவ்வாறே எடுத்து நம் லாரிமேல் வைத்தல் பொருந்துமா? தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் நம் லாரிக்குக் கூடே இல்லை. அந்நிலைக்கு மீட்பதாயின், நாமக்கல் தச்சர் செய்த அனைத்தையும் கழற்றி எறிதல் வேண்டும். எஞ்சுவது எண்ணூரின் வரலாறாகவோ சம்செத்பூரின் வரலாறாகவோ இருக்கும். நாமக்கல்லின் வரலாறு குப்பைக்குப் போகும்.

சட்டத்தின் நிலை

நடுவணரசு 2021 சூலை 15-இல் நடுவண் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப்பதிவு முறை வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றமின்றி மூலவடிவில் பேணப்படுவன அப்பதிவுக்கு உரியன. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். காலம் 10 ஆண்டு. கண்காட்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பழவண்டி ஊர்வலத்துக்கும் பழுது நீக்கத்துக்கும் ஓட்டலாம். அன்றாடப் பயனுக்கு ஓட்டலாகாது. வரவேற்கத்தக்க விதியே இது. ஆயினும், இருசக்கர வண்டிகளும், சொந்தப் பயனுக்குரிய பயணிகள் காரும் மட்டுமே இவ்விதிக்குள் அடங்கும். சரக்கு லாரி இதில் இடம்பெறவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 13-இல் பழைய வாகனங்களை உடைக்கும் கொள்கை தொடங்கப்பெற்றது. தகுதித் தேர்வில் தவறும் வண்டிகள் உடைக்கப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் நீக்கப்படலாயிற்று. புகை மிகுந்த, தடை தளர்ந்த லாரி சாலையில் ஓடுதல் கேடே. அதனை நீக்குதல் நன்றே. அக்கொள்கையை யாம் மறுத்தோமல்லேம். ஆனால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டி முறையான பதிவுடையதாகக் கருதப்படுவதில்லை. தென்னந்தோப்பில் நிற்கும் அந்த லாரி சரக்கு ஏற்றும் தொழிலுக்கும் உரியதன்று. பழம்பெரும் வாகனப் பதிவுக்கும் உரியதன்று. சட்டத்தின் கண்ணில் அஃது எடைக்கு விற்கத்தக்க இரும்பு.

நாளை விதி திருத்தப்பெற்று லாரியும் சேர்க்கப்படினும் இடர் முற்றும் தீராது. உடற்கூட்டில் பெருமாற்றம் கூடாது என்னும் அளவுகோல் எஞ்சி நிற்கும். மாற்றி மாற்றிக் கட்டுதலையே தொழிலாகக் கொண்ட ஊரின் வண்டி அவ்வளவுகோலில் எவ்வாறு தேறும்?

மூலம் யாது?

ஈண்டுத் தமிழறிஞர் கூறத்தக்கது ஒன்று உண்டு. நம் பழைய நூல்கள் எழுதப்பெற்ற நாளின் ஏட்டில் நமக்குக் கிடைத்தில. ஏடு செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் பழக்கத்தாலேயே அவை பிழைத்தன. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, அவர் கைக்கு வந்தவை படியின் படிகளே. அவை பிற்கால ஏடுகள் என அவர் தள்ளினாரல்லர். ஒப்புநோக்கினார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், வழிவழி வந்ததைப் பேணினார். உமணரின் சேம அச்சு இன்று நமக்குத் தெரிவதும் அப்பெயர்த்தெழுதலின் பயனே.

நம் முன்னோர் புதுக்குதலை அறமாகவும் போற்றினர். கோயிலின் பழுது பார்த்தற்கென விடப்பட்ட நிலம் ‘புதுக்குப்புறம்’ எனப்பட்டது. ஏரியைப் பேணுதற்கென விடப்பட்டது ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. ஆண்டுதோறும் தூர்வாரிக் கரை உயர்த்திய ஏரியை எவரும் புதிய ஏரி என்றிலர். ஆதலின், தொடர்ந்து புதுக்கப்பெறுதலே சில பொருள்களின் இயல்பான இருப்பு நிலை எனக் கொள்ளல் தகும். நாமக்கல் லாரி அவ்வகைப் பொருள். அதன் மூலவடிவைத் தேடுவோர் ஒரு நாளையும் ஒரு தொழிற்சாலையையும் தேடிப் பயனில்லை. சட்டம், முதற்கூடு, மறுகூடு, மாற்றிய எஞ்சின், எடுத்துப் பொருத்திய கதவுப்பிடி என்னும் அடுக்குகள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் காணல் வேண்டும்.

ஒரு தடை எழலாம். எல்லா மாற்றமும் ஏற்கத்தக்கதாயின், நேற்றுக் கட்டிய கூடும் பழமையே எனக் கூறி ஏமாற்ற இடமாகாதோ எனின், ஆகும். அதனாலேயே பதிப்பு நெறி இன்றியமையாதது. நல்ல பதிப்பாசிரியர் தாம் திருத்தியதைத் திருத்தம் என்றே குறிப்பர். அதுபோல் லாரியைப் புதுக்குவோரும், எந்த உறுப்பு எந்த ஆண்டில் எவரால் மாற்றப்பட்டது என எழுதிவைத்தல் வேண்டும். மறைக்கப்பட்ட மாற்றமே பொய். குறிக்கப்பட்ட மாற்றம் வரலாறு.

செய்யத்தக்கன

ஓட்டுநர் அறை முழுமையும் தொழிற்சாலையிலேயே அமைந்து வரும் காலம் இது. 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்பெறும் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநரின் உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆயின், மரச்சட்டத்தில் அறை எழுப்பும் தச்சரின் கைவேலைக்கு இனி இடம் அரிது. அக்கலைக்கு வரைபடம் இல்லை. எழுதிய நூல் இல்லை. அதற்குரிய ஏடு பழைய லாரியே. அந்த ஏடு எடைக்குப் போகின்றது.

ஆதலின், மூன்று செயல்களை வேண்டுகின்றோம். விதி வகுப்போர் பழம்பெரும் வாகனப் பதிவைச் சரக்கு லாரிக்கும் விரித்து, வட்டாரத்தில் கட்டிய கூட்டைக் குறைபாடாகக் கருதாது ஏற்றல் ஒன்று. பேணுவோர் தம் வண்டிக்கு மாற்றங்களின் குறிப்பேடு எழுதி வைத்தல் மற்றொன்று. மூன்றாவது நம் கடமை. தமிழ்த்துறை மாணவர் இப்பட்டறைகளுக்குச் சென்று முதிய தச்சர், கொல்லர், ஓட்டுநர் வாய்ச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு பொருத்துக்கும் அவர்கள் வழங்கும் பெயர் என்ன, அவற்றுள் கட்டைவண்டியிலிருந்து வந்தவை எவை, தேர்த் தச்சிலிருந்து வந்தவை எவை எனப் பிரித்தறிதல் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய பொருளாகும்.

தென்னந்தோப்பிலிருந்து யாம் விடைபெறும் போது, உடையவர் லாரியின் அடியில் குனிந்து ஒன்றைக் காட்டினார். மாற்றுச் சக்கரம் தன் இடத்தில் சங்கிலியால் இறுகக் கட்டப்பட்டுத் தொங்கியது. இரப்பரில் காற்றும் நிறைந்திருந்தது. தோப்பைத் தாண்டாத வண்டிக்கு மாற்றுச் சக்கரம் எதற்கு என யாம் கேட்கவில்லை. உமணர் வழக்கு அறிந்தோர் அவ்வாறு கேளார்.